எண்பத்தேழில் ஒரு பங்கு

வேங்கிக்கால்
17 மார்ச் 2025

எழில்,

போனில் பேசினால் சண்டைதான் வருகிறது, சொல்ல வேண்டியதை எழுதி அனுப்புங்கள், கோபம் வந்தால் கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்று சொல்லிவிட்டு லைனைத் துண்டித்துவிட்டாய். உன் பேச்சைக் கேட்டு மூன்று தாளைக் கிழித்தாயிற்று. இதையும் கிழித்தால் கடையில் பில் போடும் தாளில்தான் எழுத வேண்டும்.

வள்ளியக்கா உனக்குச் சொல்லியிருப்பாள் என்று தெரியும். வீடு பெருக்க வருவதைவிட உனக்குச் செய்தி வாசிக்கத்தான் அவள் வருகிறாள். "அந்த ரூம்புல அண்ணன் ப்ளைவுட்டா கொண்டாந்து அடுக்கிக்கினு கீறாரு"னு சொல்லியிருந்தால் அது உண்மை. நம் ஹார்டுவேர் கடைச் சரக்குதான். மேஜை போடுகிறேன். மேஜைமேல் ரயில் விடப் போகிறேன்.

சிரிக்காதே. என்னோடு பாலிடெக்னிக் படித்த பெரம்பூர் சகாதேவன் தன் மாடி அறையில் இப்படி ஒன்று வைத்திருக்கிறான். போன மாதம் சரக்கெடுக்கச் சென்னை போனபோது பார்த்தேன். நிஜ ரயிலை ஒரே கணக்கில் சுருக்கிச் செய்தது. ஸ்டேஷன், சிக்னல், டீக்கடை, பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படிக்கும் ஆள், எல்லாம் அதே கணக்கில் சுருங்கியிருக்கும். நீ ராமநாதபுரம் போனதிலிருந்து நான் ஓர் இடத்தில் எழுந்திருக்காமல் உட்கார்ந்தது அங்கேதான். வீட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு நின்றபடியே சாப்பிடுகிறேன்.

நம் திருவண்ணாமலை ஸ்டேஷனைச் செய்யலாம் என்றிருக்கிறேன். ஆனால் முதலில் அளவைத் தீர்மானிக்க வேண்டுமாம். "அளவு முடிவு பண்ணாம ஒரு ஆணிகூட வாங்காதடா. அப்புறம் மாத்தணும்னா மொத்தத்தையும் மாத்தணும்"னு சகாதேவன் கரடியாய்க் கத்தினான். எச்.ஓ., என், இசட் என்று இங்கிலீஷ் எழுத்துகளில் பெயர். எனக்குக் குழம்புகிறது, அதனால் பெரிசு, சின்னது, பொடிசு என்று வைத்துக்கொண்டேன். பெரிசு என்றால் நிஜத்தில் எண்பத்தேழில் ஒரு பங்கு. ஒரு பெட்டியே ஒரு சாணுக்கு மேல் வரும், ரயில் வளைந்து திரும்பவே நாலடி வேண்டும், அறை முழுக்கப் போய்விடும். சின்னது நூற்றறுபதில் ஒரு பங்கு. பாதி அறை போதும். பொடிசை ஒரு சூட்கேசுக்குள் அடக்கிவிடலாம், ஆனால் எனக்குப் பூதக்கண்ணாடி தேவைப்படும்.

நீ சர்வே ஆபீசில் நாள் முழுக்க அளவு போட்டு வரைகிறவள். எது என்று நீயே சொல். அந்த அறை சும்மாதானே கிடக்கிறது, பெரிசாகவே போட்டுவிடலாம் என்று காலையில் தோன்றுகிறது. மத்தியானம் வேறு மாதிரி தோன்றுகிறது.

மாறன்


ராமநாதபுரம்
24 மார்ச் 2025

மாறன்,

"சும்மாதானே கிடக்கிறது." இந்த வரி வந்ததும் கடிதத்தை மடித்து ஆபீஸ் டிராயரில் போட்டுவிட்டேன். மறுநாள்தான் மீதியைப் படித்தேன்.

அந்த அறையை யாருக்காக ஒதுக்கினோம் என்று நான் ஞாபகப்படுத்த வேண்டுமா? இரண்டு தடவை வயிற்றில் வந்தது, இரண்டும் தங்கவில்லை. அதற்காக அது ப்ளைவுட் குடோன் ஆகிவிடுமா?

இங்கே வருவதற்கு முன் உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். தத்து எடுக்கப் பதிவு செய்யலாமா என்று. இரண்டு பேரும் மனசார ஒத்துக்கொண்டால்தான் நடக்கும். முடியாது என்று சொல்லியிருந்தால்கூட அழுதுவிட்டு எழுந்திருப்பேன். நீங்கள் "பாக்கலாம்" என்றீர்கள். பொங்கலுக்கும் பாக்கலாம், தைப்பூசத்துக்கும் பாக்கலாம். கடைசியில் தெருவே கேட்கிற மாதிரி கத்திக்கொண்டோம். புரமோஷனோடு மாறுதல் வந்தது. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருக்கலாம். கோபத்தில் வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

மே இருபதாம் தேதி மாறுதல் கவுன்சிலிங். திருவண்ணாமலையில் ஓர் இடம் காலியாகிறது. நான் கேட்டால் கிடைக்கும். கேட்பதா வேண்டாமா என்பது உங்கள் பதிலைப் பொறுத்தது. அந்த வீட்டுக்குத் திரும்பி வந்து இன்னொரு முறை "பாக்கலாம்" கேட்கிற தெம்பு எனக்கில்லை.

ரயிலுக்கு அளவு கேட்டீர்களே, பெரிசாகவே போடுங்கள். ஹாலுக்கும் தண்டவாளத்தை இழுங்கள். சமையலறையில் ஜங்ஷன் வைத்துக்கொள்ளுங்கள். குறுக்கே நிற்க நான்தான் அங்கே இல்லையே.

இந்த ஊர் தட்டை. கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு மேடு கிடையாது. காலையில் கதவைத் திறந்ததும் பழக்க தோஷத்தில் மலையைத் தேடுகிறேன்.

எழிலரசி


வேங்கிக்கால்
2 ஏப்ரல் 2025

எழில்,

நீ மலையைத் தேடுகிறாய். எனக்கு இங்கே மலைதான் தலைவலி.

ஸ்டேஷனைச் செய்தால் பின்னால் மலை இருக்க வேண்டும். மலை இல்லாவிட்டால் அது எந்த ஊர் ஸ்டேஷனாகவும் இருக்கலாம். சரி என்று கணக்குப் போட்டேன். பெரிசில் போட்டால் மலை முப்பதடி உயரம் வருகிறது. நம் வீட்டு மொட்டை மாடியைத் தாண்டி எதிர்வீட்டுக்காரரின் மொட்டை மாடியையும் தாண்டி நிற்கும். சின்னதில் பதினேழடி. பொடிசில் போட்டால்கூடப் பன்னிரண்டடி, நம் அறையின் உயரமோ பத்தடி. எந்த அளவில் சுருக்கினாலும் வீட்டுக்குள் வர மாட்டேன் என்கிறது.

சகாதேவனுக்குப் போன் போட்டேன். "எல்லாருமே மலைய ஏமாத்தித்தான்டா வெப்பாங்க. மூணடிக்கு தெர்மாகோல அறுத்து வெச்சிட்டுப் போவியா"ன்னான். தெர்மாகோல் வந்து இறங்கியது. நம் கடை அப்பாசாமிக்குத்தான் ரம்பம் பிடிக்கக் கை நயம், அடி அண்ணாமலை ஆள், தினமும் மலையைப் பார்த்தே எழுந்திருப்பவர், உருவம் சரியாக வரும் என்று அவரிடம் கொடுத்தேன். மனுஷன் ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டார்.

"என்னாண்ட சொல்லாதீங்க சார். அது மல இல்ல, சாமி. சாமிய ரம்பத்தால அறுத்துட்டு சாயங்காலம் நான் எப்படி வூட்டுக்குப் போறது? வூடே அவரு காலடியிலதான கீது?"

கீல் வாங்க வந்த ஒருவர், "கோயில்ல சாமி சின்னதாத்தான இருக்காரு, அதுக்கு என்னா சொல்றீங்க?"ன்னார். "அது சிலை. இது அவரே" என்றார் அப்பாசாமி. கடையில் கொஞ்ச நேரம் வியாபாரமே நடக்கவில்லை. ஆளுக்கொரு கட்சி. எனக்கு இதிலெல்லாம் பெரிய நம்பிக்கை கிடையாது, உனக்குத் தெரியும். ஆனாலும் வீட்டுக்கு வந்து நானே ரம்பத்தை எடுத்தேன், கை ஓடவில்லை. தெர்மாகோல் இப்போது கட்டிலுக்கடியில் கிடக்கிறது.

ஒன்று மட்டும் முடிவு செய்தேன். பெரிசு வேண்டாம், சின்னதுதான். நேற்று மேஜையைப் பாதியாக அறுத்துவிட்டேன்.

நீ கேட்டதற்குத் தனியாக எழுதுகிறேன். பாக்கலாம் என்று எழுதப் போய் அடித்துவிட்டேன், மேலே பார், மை அப்பியிருக்கும்.

மாறன்


ராமநாதபுரம்
9 ஏப்ரல் 2025

மாறன்,

பெரிசு, சின்னது, அடுத்தது பொடிசா? கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதையாக இருக்கிறது. கடைசியில் தீப்பெட்டியைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டிருக்கப் போகிறீர்கள்.

அப்பாசாமி அண்ணன் சொன்னதைப் படித்து ஆபீசில் சிரித்துவிட்டேன். பக்கத்து மேஜை ரேவதி, "என்ன மேடம், வீட்டுக்காரர் லெட்டரா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொன்னபோது எனக்கே ஒரு மாதிரி இருந்தது. கல்யாணத்துக்கு முன்கூட நீங்கள் எனக்கு இரண்டு வரிக்கு மேல் எழுதியதில்லை.

சர்வே ஆபீஸ்காரி என்ற முறையில் பதில் சொல்கிறேன். நாங்கள் கால்வாய்க்கு வரைபடம் போடும்போது நீளத்துக்கு ஓர் அளவு, உயரத்துக்கு வேறோர் அளவு வைப்போம். ஆனால் அதை ஓரத்தில் எழுதிவிடுவோம். யாரையும் ஏமாற்றுவதில்லை. அப்புறம், மலை ஸ்டேஷனை ஒட்டியா இருக்கிறது? தள்ளித்தானே இருக்கிறது. தூரத்தில் இருப்பது கண்ணுக்குச் சின்னதாகத்தான் தெரியும். முழு மலையையும் எதற்கு வீட்டுக்குள் கூப்பிடுகிறீர்கள்?

இது இருக்கட்டும். மேஜையைப் பாதியாக அறுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை மட்டும் எத்தனை தடவை படித்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. மீதிப் பாதி அறை யாருக்கு? என் ஆசைக்கு நானே அர்த்தம் பண்ணிக்கொண்டு ஏமாற விரும்பவில்லை. வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள்.

எழில்


வேங்கிக்கால்
17 ஏப்ரல் 2025

எழில்,

மீதிப் பாதி யாருக்கும் இல்லை. மலை அடங்கவில்லை என்று மேஜையை அறுத்தேன். அதில் நீ ஏன் எதையாவது தேடுகிறாய்?

கேட்டுவிட்டாய், சொல்லிவிடுகிறேன். முதல் தடவை அந்த அறைக்கு மஞ்சள் அடித்தது நான். கடைப் பையன்களை விடாமல் நானே ஏணி போட்டு அடித்தேன். இரண்டாவது தடவை மஞ்சள் ராசியில்லை என்று யாரோ சொன்னார்கள் என்று பச்சை அடித்தேன். அந்தப் பச்சை காய்வதற்குள் உன்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். திரும்பி வந்து கதவைத் திறந்தால் பெயிண்ட் வாசனை அப்படியே இருந்தது. இன்றைக்கும் கடையில் டப்பா திறந்தால் அதே வாசனைதான், எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறேன். பெயிண்ட் விற்கிறவனுக்கு இது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்.

தத்துக்குப் பதிந்தால் வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்கிறார்கள். வீட்டைப் பார்க்க ஆள் வருவார்கள், அறையைக் காட்ட வேண்டும், அப்புறம் போன் வரும் வரும் என்று உட்கார்ந்திருக்க வேண்டும். வராமலே போகலாம். மூன்றாவது தடவையும் வெறும் அறைக்கு வண்ணம் அடித்துவிட்டுக் காத்திருக்க என்னால் முடியாது எழில். ரயில் என்றால் ஸ்விட்சைப் போட்டால் ஓடும், நிறுத்தினால் நிற்கும். அந்த அறையில் எனக்கு அது போதும்.

ஜன்னலையும் ப்ளைவுட் வைத்து அடைத்துவிட்டேன். அதில் வானம் வரைய நீலம் பூசியிருக்கிறேன். மலைக்கான இடம் வெறுமனே இருக்கிறது. எந்த அளவில் வரைந்தாலும் தப்பாகத்தான் இருக்கும், அதனால் தொடவில்லை. சின்னதும் பிடிக்கவில்லை. நாளைக்குப் பொடிசுக்கு மாறினாலும் மாறுவேன்.

மாறன்


ராமநாதபுரம்
25 ஏப்ரல் 2025

மாறன்,

நீங்கள் வண்ணம் அடித்தீர்கள். நான் சுமந்தேன். இதைப் போன வருஷமே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும், எழுதினால்தான் வருகிறது.

பெயிண்ட் வாசனையை எனக்கு இப்போதுதான் சொல்கிறீர்கள். இத்தனை நாள் நீங்கள் கல்லு மாதிரி இருக்கிறீர்கள் என்று நினைத்து உங்கள்மேல் அத்தனை கோபம் வைத்திருந்தேன். அந்தக் கோபத்தில் கொஞ்சத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். முழுக்க இல்லை.

நாம் காத்திருக்க வேண்டும், நாம் காத்திருக்க வேண்டும் என்று எழுதுகிறீர்கள். ஒன்று யோசித்தீர்களா? போன இரண்டு தடவையும் பிறக்காததற்காகக் காத்திருந்தோம். இது அப்படி இல்லை. இந்தக் குழந்தை இந்நேரம் பிறந்தே இருக்கலாம். எங்கோ ஒரு தொட்டிலில், ஷிப்ட் மாறி மாறி வரும் யார் யாரையோ பார்த்துக்கொண்டு கிடக்கலாம். காத்திருக்கிறது நாம் இல்லை, அது. நாமாவது சண்டை போட ஒருவருக்கொருவர் இருக்கிறோம்.

ஜன்னலை எதற்கு அடைத்தீர்கள்? சித்திரை வெயிலில் அந்த அறைக்குள் மூச்சு முட்டும்.

இனி நான் கேட்கப்போவதில்லை. இருபதாம் தேதிவரை தபால்காரரைப் பார்ப்பேன். ஒன்றும் வராவிட்டால் இங்கேயே இருக்கிறேன் என்று சொல்லிவிடுவேன்.

எழில்


வேங்கிக்கால்
3 மே 2025

எழில்,

உன் கடிதம் வந்தது. பதில் எழுத உட்கார்ந்தேன், எழுந்தேன், கடைக்குப் போனேன், திரும்பி வந்தேன். எழுத வரவில்லை. வந்து சேர்ந்தது என்று தெரிவிக்க இது.

மாறன்


வேங்கிக்கால்
13 மே 2025

எழில்,

நேற்று சித்ரா பௌர்ணமி, கிரிவலக் கூட்டம். நம் ரோட்டில் முந்தின நாளே வண்டிகளை நிறுத்திவிட்டார்கள், கடை திறக்க வழியில்லை. வாசலில் நின்றால் ஜனம், மொட்டை மாடிக்குப் போனால் ஜனம். உள்ளே இருக்கவும் முடியவில்லை, வெளியே போகவும் பிடிக்கவில்லை. கடைசியில் மாடியில் அந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

நீ சொன்னது சரி, மூச்சு முட்டியது. ஜன்னலில் அடித்த ப்ளைவுட்டைக் கழற்றினேன். வெளிச்சம் வந்தது, கீழே பின்வீட்டுச் சின்டெக்ஸ் டேங்கும் டிஷ்ஷும் கொடியில் காயும் லுங்கியும் தெரிந்தன. மேஜையில் சின்னதில் ஒரு ரவுண்டு தண்டவாளம் போட்டு வைத்திருக்கிறேன், ஒரு எஞ்சின், இரண்டு பெட்டி. அதற்கு ஒயர் முடுக்கும்போது ஸ்க்ரூ ஒன்று கை நழுவி விழுந்தது. தேடிக்கொண்டு தரையில் மண்டி போட்டேன். கிடைக்கவில்லை. அலுத்துப்போய்க் குதிகாலில் உட்கார்ந்து தலையைத் தூக்கினேன்.

மலை நின்றது. என் அட்டை ஸ்டேஷனுக்கு நேர் பின்னால், பிளாட்பாரத்திலிருந்து கிளம்பின மாதிரி. டேங்க் இல்லை, டிஷ் இல்லை, எல்லாம் மேஜை விளிம்புக்குக் கீழே மறைந்துபோய்விட்டது. நம் ஊர் ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்கினால் எப்படித் தெரியுமோ அப்படி. எழுந்து நின்றேன், லுங்கி வந்துவிட்டது. மறுபடி உட்கார்ந்தேன், மலை வந்துவிட்டது. பைத்தியக்காரன் மாதிரி உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தேன். இத்தனை நாள் முப்பதடி, பதினேழடி என்று கணக்குப் போட்டதெல்லாம் மலையைக் கெல்லி எலியைப் பிடித்த கதை. மலையைச் சுருக்க வேண்டியதே இல்லை. பார்க்கிற ஆள்தான் சுருங்க வேண்டும்.

டேப்பை எடுத்துத் தரையிலிருந்து என் கண்ணுக்கு அளந்தேன். மூன்றடிக்கும் கம்மி. முட்டி வலி தாங்காமல் சுவரைப் பிடித்து எழுந்துகொண்டேன். அந்த உயரத்தில் வலிக்காமல் நின்று பார்க்கிற ஆள் நம் வீட்டில் இல்லை. அதை நினைத்ததும் அழுகை வந்துவிட்டது, எழில். ஆஸ்பத்திரியில் வராத அழுகை. வெளியே "அரோகரா" சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது.

சம்மதம். பாக்கலாம் இல்லை. சம்மதம். பயம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். போன் அடித்தால் எடுக்கப் பயந்து உன்னிடம்தான் நீட்டப் போகிறேன். ஆனால் நீ சொன்ன அந்தத் தொட்டில் பத்து நாளாக என் கண்ணை விட்டுப் போகவில்லை. நாம் இங்கே அளவு பார்த்துக்கொண்டிருக்க, அது அங்கே வளர்ந்துகொண்டிருக்கிறது என்றால் தப்பு நம்முடையது.

இருபதாம் தேதிக்குள் இது வந்துசேர வேண்டும் என்று ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன். போஸ்டாபீஸ் போக ஜனத்துக்கு நடுவே நடந்துதான் ஆக வேண்டும்.

மாறன்


ராமநாதபுரம்
21 மே 2025

அன்புள்ள மாறன்,

கடிதம் பதினேழாம் தேதியே கிடைத்தது. ஆபீஸ் படிக்கட்டிலேயே நின்று படித்தேன். ரேவதி என்னமோ கெட்ட செய்தி என்று பயந்து தண்ணீர் கொண்டுவந்துவிட்டாள். நேற்று கவுன்சிலிங்கில் திருவண்ணாமலை கேட்டேன், கிடைத்துவிட்டது. ஜூன் முதல் வாரம் வந்து சேர வேண்டும். உண்மையைச் சொன்னால், உங்கள் கடிதம் வராவிட்டாலும் திருவண்ணாமலையைத்தான் கேட்டிருப்பேன். இங்கேயே இருப்பேன் என்று எழுதியதெல்லாம் வீறாப்பு. சண்டையை நேரில் போட்டுக்கொள்ளலாம் என்று மனசு மாறிவிட்டிருந்தது. இதை உங்களிடம் சொல்லக் கூடாது என்றிருந்தேன், சொல்லிவிட்டேன்.

எனக்கும் பயம்தான். இந்த மூன்று மாதமாக ராத்திரியில் விழித்துக்கொண்டால், வருகிற குழந்தைக்கு என்னைப் பிடிக்காமல் போனால் என்ன செய்வேன் என்று நினைத்துக்கொண்டு படுத்திருக்கிறேன். உங்களைக் குற்றம் சொல்வது அதைவிட எளிதாக இருந்தது.

இனி வேலையைப் பார்ப்போம். நான் வந்ததும் இரண்டு பேரும் உட்கார்ந்து பதிவு செய்துவிடலாம். அதற்குள் அறையில் ப்ளக் பாயிண்டுகளை எல்லாம் கை எட்டாத உயரத்துக்கு ஏற்றுங்கள். மேஜை மூலைகளை உளி வைத்து மழுக்குங்கள். தரையில் தொலைந்த அந்த ஸ்க்ரூவைத் தேடி எடுங்கள். வண்ணம் அடிக்க வேண்டாம், பச்சையே இருக்கட்டும், நன்றாகத்தான் இருக்கிறது.

அப்புறம் அந்தச் சின்னது வேண்டாம். நீங்கள் எழுதின அளவை வைத்து ஆபீசில் ஒரு பெட்டியைத் தாளில் வரைந்து பார்த்தேன். அதன் சக்கரம் சட்டைப் பொத்தானைவிடச் சின்னதாக வருகிறது. வருகிற பிள்ளைக்கு எத்தனை வயது என்று நமக்குத் தெரியாது. கையில் கிடைத்ததை வாயில்தான் வைக்கும். ரேவதியின் மகள் மூக்கில் பொட்டுக்கடலையைப் போட்டுக்கொண்டு ஊரையே கூட்டிவிட்டாள். பெரிசுக்கே மாறிவிடுங்கள். சகாதேவன் அண்ணன் திட்டினால் திட்டட்டும். அறை முழுக்கப் போனால் போகட்டும், அறை யாருடையதோ அவர்களுக்குத்தானே ரயிலும்.

பெரிசும் வாய்க்குள் போகிற அளவில்தான் இருக்கும் என்றால், அதைவிடப் பெரிசு ஏதாவது இருக்கிறதா என்று சகாதேவன் அண்ணனைக் கேட்டு வையுங்கள்.

எழில்